ஏஎல்டிஎச்2 எதிர்ப்பொருளைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் செய்யும் முறை

உடலுக்குள் செல்லும் எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பின்னர் அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டாவது மாற்றத்தில் பெரும்பங்கு வகிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஏஎல்டிஎச்2 (ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் 2) என்னும் நொதி. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் அடையாளம் காண்பதே வெஸ்டர்ன் பிளாட். கல்லீரல் திசுவில் ஏஎல்டிஎச்2-இன் அளவை அவ்வாறு கண்டறியும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுப்பது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். மனிதரிடம் ஏஎல்டிஎச் குடும்பத்தைச் சேர்ந்த 19 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் ஏஎல்டிஎச்1ஏ1, ஏஎல்டிஎச்1பி1 ஆகிய புரதங்களும் ஏறத்தாழ 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ளவை. பின்னது மைட்டோகாண்ட்ரியாவிலேயே இருப்பதும் ஆகும். ஆகவே 55-க்கு அருகில் ஒரே ஒரு பட்டை தெளிவாகத் தெரிந்தாலும், அது ஏஎல்டிஎச்2 தான் என்று சொல்லிவிட முடியாது. ஏஎல்டிஎச்2 மரபணு நீக்கப்பட்ட செல் அல்லது சுண்டெலித் திசுவில் அந்தப் பட்டை மறைவதைக் காட்டும் எதிர்ப்பொருளையே வாங்குங்கள். இயன்றால் அத்தகைய மாதிரி ஒன்றை உங்கள் ஜெல்லிலும் ஓட்டுங்கள்.

சுண்டெலிக் கல்லீரலை ஆராய்வதாக இருந்தால், முயலில் உருவாக்கிய முதன்மை எதிர்ப்பொருளே (ஏஎல்டிஎச்2-ஐ நேரடியாகப் பற்றுவது) பாதுகாப்பானது. சுண்டெலியில் உருவாக்கியதைப் பயன்படுத்தினால், முதன்மையைப் பற்றி அதைக் காட்டித்தரும் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள், திசுவின் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஐஜிஜி என்னும் சுண்டெலி எதிர்ப்பொருளின் கனச் சங்கிலியையும் பற்றிக்கொள்ளும். அதன் எடை சுமார் 50 கிலோடால்டன் என்பதால் இரண்டு பட்டைகளும் குழம்பிப்போகும்.

அடுத்து, திசுவைக் குளிர்ந்த பிபிஎஸ் என்னும் உப்புக் கரைசலில் இரத்தம் போகக் கழுவி, புரோட்டியேஸ் தடுப்பான் (புரதம் சிதையாமல் காப்பது) கலந்த ரிப்பா பஃபரில் (செல்களை உடைத்துப் புரதத்தைக் கரைப்பது) பனிக்கட்டி மேல் வைத்து அரையுங்கள். 4 டிகிரி செல்சியஸில் மையவிலக்கம் செய்து, மேலே தெளிந்த நீர்மத்தை எடுத்து, பிசிஏ என்னும் நிறமாற்ற முறையில் புரத அளவைக் கணக்கிடுங்கள். ஒரு குழிக்கு 20 மைக்ரோகிராம் கல்லீரல் புரதம் தாராளமாகப் போதும். சாம்பிள் பஃபருடன் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 10 சதவீத ஜெல்லில் ஓட்டி, மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் மெம்பிரேனுக்கு மாற்றுங்கள். பொன்சோ எஸ் சாயம் இட்டுப் பார்த்தால் எல்லாத் தடங்களிலும் புரதம் ஒரே சீராக மாறியிருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எதிர்ப்பொருள் வெற்றிடங்களில் ஒட்டாதிருக்க, மெம்பிரேனைக் கொழுப்பு நீக்கிய பால்பொடியின் 5 சதவீதக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பின், முதன்மை எதிர்ப்பொருளை 1:1000 விகிதத்தில், அதாவது 10 மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோலிட்டர் கலந்து, இரவு முழுதும் 4 டிகிரியில் மெல்ல ஆட்டுங்கள். நிறுவனத்தின் தகவல்தாள் வேறு விகிதம் தந்திருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். மறுநாள் டிபிஎஸ்டி என்னும் கழுவும் கரைசலில் மும்முறை கழுவி, எச்ஆர்பி (ஒளியை உண்டாக்க உதவும் நொதி) இணைத்த இரண்டாம்நிலை எதிர்ப்பொருளில் ஒரு மணி நேரம் வையுங்கள். இக்கரைசலில் சோடியம் அசைடு சேர்க்கவே கூடாது. அது எச்ஆர்பி நொதியை முடக்கிவிடும். மீண்டும் கழுவி, எச்ஆர்பி-யால் ஒளிரும் இசிஎல் கரைசலை ஊற்றிப் படமெடுக்கலாம்.

எல்லாத் தடங்களிலும் சம அளவு புரதம் ஏற்றப்பட்டதா என்று பார்க்க உதவும் ஒப்பீட்டுப் புரதமாகப் பலரும் டியூபுலினை எடுப்பதுண்டு. இங்கே அது பொருந்தாது, ஏனெனில் அதுவும் 50 முதல் 55 கிலோடால்டன் பகுதியிலேயே நிற்கும். 37 கிலோடால்டன் உள்ள ஜிஏபிடிஎச், அல்லது மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்திருந்தால் அதன் வெளிச்சவ்வில் உள்ள விடிஏசி என்னும் புரதம் ஏற்றது.

கிழக்காசிய மக்களிடம் பரவலாக உள்ள ஆர்எஸ்671 என்னும் மரபணு மாற்றம் ஏஎல்டிஎச்2 நொதியின் செயல்திறனை வெகுவாகக் குறைப்பதோடு, அப்புரதம் விரைவில் சிதையவும் காரணமாகிறது. எனவே மனித மாதிரி ஒன்றில் ஒப்பீட்டுப் புரதம் சீராக இருந்தும் ஏஎல்டிஎச்2 பட்டை மட்டும் மங்கியிருந்தால், பிளாட்டைத் திரும்பச் செய்வதற்கு முன் அந்த மாதிரியின் மரபணு வகையைப் பிசிஆர் மூலம் சரிபாருங்கள்.