வெளிநாட்டுத் தடகள மீட்டுக்குக் கிளம்பும் கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் மாவட்ட மீட்டில் அறிவிப்பாளர் மைக்கில் நாலு முறை பெயரைக் கூப்பிடுவார். கோச் ஓடிப் போய், "சார், பையன் பாத்ரூம் போயிருக்கான், ரெண்டு நிமிஷம்" என்றால் ஸ்டார்ட்டர் காத்திருப்பார். அதிகாரிகளில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். இந்தச் சலுகைகளிலேயே வளர்ந்த அணி கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனால், பதக்கம் கைநழுவுவது பெரும்பாலும் டிராக்கில் இல்லை. டிராக்குக்கு வெளியே, கோச்சும் மேனேஜரும் பார்த்துக்கொள்ள வேண்டிய இடங்களில்தான்.

எந்த மீட் என்று பார்க்காமல் கிளம்புவது

"சர்வதேசத் தடகளப் போட்டி" என்று ஒரு வாட்ஸ்அப் நோட்டீஸ் வரும். பணம் கட்டினால் யாருக்கும் இடம், போனவர்களில் பாதிப் பேருக்குத் தங்கம், திரும்பி வந்ததும் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, சுற்றுலாவாக எடுத்துக்கொண்டால். வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழ் உதவும் என்று பெற்றோரிடம் சொல்லி, நகையை அடகு வைக்கச் செய்வதுதான் அநியாயம். நடத்துவது அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட தடகளச் சங்கமா, போட்டி உலகத் தடகள அமைப்பின் நாட்காட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் போட்டியிட உங்கள் தேசியச் சம்மேளனத்தின் அனுமதியும் வேண்டும். மாநிலச் சங்கம் வழியாக அதைக் கேட்டு வாங்க நாள் பிடிக்கும். டிக்கெட் போட்ட பிறகு கேட்பது தலைகீழ் வேலை.

இனிஷியல் தகராறு

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், என்ட்ரி ஃபார்மில் கோச் வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பார். மூன்றும் மூன்று ஆள் என்று எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரிடம் விளக்கம் சொல்ல முடியாது. என்ட்ரியிலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசா தருவதில்லை. துபாய் மீட் என்றால் இதை முதலிலேயே கவனியுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்தே ஆண்டுதான் செல்லும். பத்து வயதில் எடுத்தது பதினைந்தில் காலாவதி. பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும். பெற்றோர் உடன் வரவில்லையென்றால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

வயதுப் பிரிவிலும் கவனம் வேண்டும். 18, 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்குப் போட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று உள்ள வயதுதான் கணக்கு. மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் போட்டியின் முதல் நாள் அன்றைய வயது.

அப்புறம், என்ட்ரியில் போடும் நேரம். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச் நேரம். 100 மீட்டரில் கையால் எடுத்த 10.9 என்பது எலக்ட்ரானிக் கணக்கில் 0.24 கூட்டி 11.14. கூட்டாமல் எழுதினால் பையன் தனக்குச் சம்பந்தமில்லாத வேகமான ஹீட்டில் (முதல் சுற்றுப் பிரிவில்) மாட்டிக்கொள்வான்.

குண்டும் ஈட்டியும்

ஆண்கள் குண்டு 7.26 கிலோ. பல விமானங்களில் கைப்பைக்கு அனுமதியே 7 கிலோதான். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், செக்யூரிட்டியில் அதை விடவும் மாட்டார்கள். ஸ்பைக் ஆணிகளும் அதன் சாவியும்கூடச் செக்-இன் பெட்டியிலேயே போகட்டும். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையில்தான் போக வேண்டும்.

ஆண்கள் ஈட்டி 2.60 முதல் 2.70 மீட்டர் நீளம். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்காமல் கவுன்டரில் போய் நிற்காதீர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் பறப்பது போன்ற சிறிய ஏடிஆர் விமானங்களில் இது பெரிய தலைவலி. ஈட்டி, வட்டு, குண்டு மூன்றுக்கும் நடத்துபவர்கள் தருவதையே பயன்படுத்தலாம். சொந்தக் கருவியைக் கொண்டு போனால் அதைச் சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும், களத்தில் மற்றவர் கேட்டாலும் எறியக் கொடுக்க வேண்டும். கோலூன்றித் தாண்டுபவரின் கோலுக்கு மட்டும் விதிவிலக்கு. அதை உடையவர் சம்மதமின்றி யாரும் தொட முடியாது.

இருமல் சிரப்

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். குளிரூட்டிய விமானம், ஹோட்டல் ஏசி, மறுநாள் காலையில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை கட்டும். கூட வந்த அம்மா பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுப்பார். நம் மருந்துக் கடைகளில் சர்வசாதாரணமாக விற்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை செய்யப்பட்ட மருந்து. மூக்கடைப்பு மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரினுக்குப் போட்டிக் காலத்தில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்று வரம்பு. முட்டி வலிக்கு டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி இரண்டும் போட்டிக் காலத்தில் கூடாது. டிராமடால் வலி மாத்திரை 2024 முதல் அதே பட்டியலில்.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் ஆபத்து. பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டர் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். ஊரில் வழக்கமாக உறிஞ்சும் விக்ஸ் இன்ஹேலரை அமெரிக்கக் கடையில் வாங்கியிருந்தார். அமெரிக்கத் தயாரிப்பில் சேர்மானம் வேறு என்பது அவருக்குத் தெரியாது. பதக்கம் பறிபோனது.

சரி, என்ன செய்வது? கிளம்பும் முன் ஒவ்வொருவர் பையிலும் உள்ள மருந்தின் பெயரை அல்ல, பின்னால் அச்சிட்ட சேர்மானத்தை தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் (NADA) 'நோ யுவர் மெடிசின்' செயலியில் தேடிப் பாருங்கள். ஆஸ்துமா மாதிரி உண்மையான தேவை இருந்தால், விதிவிலக்கு அனுமதி வேண்டுமா என்று பார்த்து, போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். லேபிள் இல்லாத சத்துமாவு, லேகியம், ஜிம் பவுடர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இது ஊக்கமருந்துக் கணக்கு. நாட்டுச் சட்டம் தனி. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு போவதே குற்றம்.

பழைய டைம்டேபிளை நம்புவது

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் காலிறுதி. அமெரிக்காவின் எடி ஹார்ட், ரே ராபின்சன், ராபர்ட் டெய்லர் மூவரும் தொலைக்காட்சி நிறுவனத்தின் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிற ஓட்டத்தைக் காலையில் நடந்ததன் மறு ஒளிபரப்பு என்று நினைக்கிறார்கள். அது நேரலை, அவர்களுடைய சுற்று. பயிற்சியாளர் கையில் இருந்தது காலாவதியான அட்டவணை. அடித்துப் பிடித்து ஓடியும் டெய்லர் மட்டுமே நேரத்துக்குச் சேர்ந்தார், பிறகு வெள்ளியும் வென்றார். மற்ற இருவருக்கும் அதோடு முடிந்தது.

ஒலிம்பிக் அணிக்கே இந்தக் கதி. போட்டிக்கு முந்தின மாலை நடக்கும் தொழில்நுட்பக் கூட்டத்தில் அட்டவணை மாறும். அந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பாமல் ஷாப்பிங் போகிற மேனேஜர்கள் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன, போனில் நேரம் மாறியதா என்று விமானம் இறங்கியதும் பாருங்கள்.

போட்டியாளர்களைக் களத்துக்கு அனுப்பும் முன் கூட்டிச் சரிபார்க்கும் 'கால் ரூம்' (call room) அறைக்குப் போக வேண்டிய நேரம் ஓட்டங்களுக்கு ஒன்று, கோலூன்றித் தாண்டுதலுக்கு அதைவிட வெகு முன்பு. நேரம் தவறினால் அவ்வளவுதான். கோச் உள்ளே வர முடியாது. போன், இயர்போன் வாங்கி வைத்துவிடுவார்கள். நம்பர் துணியை மடிக்கவோ வெட்டவோ கூடாது.

அங்கேயே ஷூவையும் திருப்பிப் பார்ப்பார்கள். மண் டிராக்கில் பழகிய நம் பிள்ளைகளின் ஸ்பைக்ஸில் நீள ஆணி இருக்கும். சிந்தெடிக் டிராக்கில் உச்சவரம்பு 9 மில்லிமீட்டர், உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் 12. பல மைதானங்கள் 6 அல்லது 7 தான் அனுமதிக்கும். ஒரு செட் 6 மில்லிமீட்டர் ஆணியும் சாவியும் பையில் இருந்தால் பிழைத்தீர்கள். 2024 நவம்பர் 1 முதல் டிராக், ஃபீல்ட் எல்லா ஈவென்ட்டுக்கும் ஷூ அடிப்பகுதியின் தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மாரத்தான் ஷூவில் 5000 மீட்டர் ஓடிப் பழகியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

தொடர் ஓட்டத்தில் அடையாளத்துக்குச் சாக்பீஸ் கோடு போடும் பழக்கம் செல்லாது. ஒட்டும் டேப் மட்டும்தான். ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு, அதாவது துப்பாக்கி ஒலிக்குமுன் கிளம்பினால், முதலில் எச்சரிக்கை என்பதும் 2010-லேயே போய்விட்டது. மறு வருடமே தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட்டையே வெளியே அனுப்பினார்கள்.

முடிவில் தவறு என்று தோன்றினால் அதிகாரபூர்வமாக அறிவித்த 30 நிமிடத்துக்குள் ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். ஹோட்டலுக்கு வந்து வீடியோ பார்த்துக் கொதிப்பதில் பயனில்லை.

அன்றிரவே திரும்பும் டிக்கெட்

ஹோட்டல் காசு மிச்சம் என்று இறுதி நாள் இரவு விமானத்தையே கிளப்புகள் பிடிக்கும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிற்பகல் இடிமழை சகஜம், மின்னல் அடித்தால் போட்டியை நிறுத்திவிடுவார்கள். ஓட்டம் மூன்று மணி நேரம் தள்ளிப் போகும். அதைவிட மோசம், உங்கள் பிள்ளை ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைக்கப்படுவது. ஓடி வியர்த்த உடம்பு, சிறுநீர் வரவே சில நேரம் மணிக்கணக்காகும். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பினால் அது சோதனையை மறுத்ததாகிவிடும், நான்கு ஆண்டு வரை தடை விழலாம். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் கூட ஒரு பெரியவர் இருக்கலாம். அதனால் பஸ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனாலும் ஒரு கோச் அங்கேயே இருக்கும்படி முன்பே பேசி வையுங்கள், அவர் டிக்கெட்டும் அந்தப் பிள்ளையின் டிக்கெட்டும் மறுநாளுக்கு மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.