கேமிங் கணினியா, கன்சோலா? சேலத்துப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு விளையாட்டுக் கருவி வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்ததும், பெரும்பாலான பெற்றோரைக் கேமிங் கணினியின் பக்கம் சாய்ப்பது "படிப்புக்கும் ஆகுமே" என்ற ஒற்றை வாக்கியம்தான். இந்தத் தேர்வில் நேரும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பதும் அதுவே. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இருக்கின்றன. இரண்டையும் கற்க, திரையில் படங்களை வேகமாகத் தீட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாத சாதாரணக் கணினியே தாராளமாகப் போதும். அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த மடிக்கணினியிலேயே அவை ஓடும். கேமிங் கணினியின் விலையில் பெரும்பங்கை விழுங்குவது அந்தக் கிராபிக்ஸ் கார்டுதான். அதற்கும் பாடப் புத்தகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முப்பரிமாண வடிவமைப்பிலோ காணொளித் தொகுப்பிலோ பிள்ளை ஏற்கெனவே இறங்கியிருந்தால் கணக்கு வேறு. இனிமேல் இறங்கக்கூடும் என்ற நம்பிக்கையில் கூடுதலாக நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாயைக் கொட்டுவது, படிப்பின் பெயரால் விளையாட்டுக்குச் செலவழிப்பதாகவே முடியும்.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். படிக்கும் மேசையும் விளையாடும் மேசையும் ஒன்றாகிவிட்டால், பைத்தான் நிரலை மூடி விளையாட்டைத் திறக்க ஒரு சொடுக்குப் போதும்; கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கு இரண்டும் ஒரே திரையாகத்தான் தெரியும். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிதான் கன்சோல். அதில் விளையாட வேண்டுமானால் பிள்ளை எழுந்து கூடத்துக்கு வந்து, தொலைக்காட்சியின் முன்னால் எல்லோரும் பார்க்கும்படி உட்கார வேண்டும். இந்தச் சிறு சிரமத்தை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். பத்தாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, படிப்புக்கு ஒரு சாதாரணக் கணினி, விளையாட்டுக்கு ஒரு கன்சோல் என்று இரண்டையும் பிரித்து வைப்பதே பல சமயங்களில் பொருத்தமாக இருக்கிறது. இரண்டின் விலையையும் கூட்டினால்கூட, நல்ல கேமிங் கணினி ஒன்றின் விலைக்குள் அடங்கிவிட வாய்ப்பு உண்டு.

கருவியைப் பற்றி ஆராயும் பலர், பிள்ளை எந்த விளையாட்டை விளையாட ஆசைப்படுகிறது என்பதைக் கேட்பதே இல்லை. சேலத்துச் சிறுவர்கள் கைப்பேசியில் விளையாடிப் பழகிய பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் இரண்டுக்கும் கன்சோல் பதிப்பே கிடையாது. அவற்றையே பெரிய திரையில் விளையாடலாம் என்று எண்ணி பிளேஸ்டேஷன் கன்சோலை வாங்கிக் கொடுத்தால், பெட்டியைப் பிரித்த அன்றே ஏமாற்றம் தொடங்கும். மைன்கிராஃப்ட் இரண்டு வகைகளில் கிடைக்கிறது. ஜாவா பதிப்பு கணினியில் மட்டுமே ஓடும்; கன்சோல்களிலும் கைப்பேசிகளிலும் இருப்பது பெட்ராக் பதிப்பு. ஒரு பதிப்பில் இருப்பவர் மற்றதில் இருக்கும் நண்பரோடு நேரடியாகச் சேர்ந்து விளையாட முடியாது. யூடியூபில் பார்த்த மாட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் சேர்க்கைகளையெல்லாம் போட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் ஜாவா பதிப்பைத்தான் மனத்தில் வைத்திருக்கும். வேலரண்ட் 2020இல் கணினிக்கும் 2024இல் கன்சோலுக்கும் வந்தது. ஆனால் கணினியில் ஆடுவோரும் கன்சோலில் ஆடுவோரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. வகுப்பு நண்பர்கள் அனைவரும் கணினியில் ஆடும்போது இவனுக்கு மட்டும் கன்சோல் வாங்கிக் கொடுத்தால், அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பான். ஆகவே கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றும் எதில் ஓடும், நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரே தொலைக்காட்சியில் இரண்டு கண்ட்ரோலர்களை வைத்துச் சேர்ந்து ஆட கன்சோல்தான் எளிது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு விசைப்பலகையையும் மவுஸையும்விடக் கண்ட்ரோலர் சீக்கிரம் பழகிவிடும்.

விலையை ஒப்பிடும்போது நேரும் தவறு, பெட்டியின் மேல் ஒட்டிய எண்ணை மட்டும் பார்ப்பது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் டிஸ்க் உள்ள வகை 49,990 ரூபாய்க்கும் டிஸ்க் இல்லாத டிஜிட்டல் வகை 39,990 ரூபாய்க்கும் விற்பனைக்கு வந்தது. பிறகு விலை கூடியது. பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று டிஜிட்டல் வகையை வாங்கியவர்கள், பழைய டிஸ்க்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கவும், ஆடி முடித்ததை விற்கவும், நண்பனிடம் மாற்றிக்கொள்ளவும் உள்ள வழியை இழந்தார்கள். புதிய பெரிய விளையாட்டு ஒன்றின் விலை நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் வரை போகும்போது, அந்த மிச்சம் சில விளையாட்டுகளிலேயே கரைந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுகளைக் கன்சோலில் இணையம் வழியாகப் பிறரோடு ஆட, பெரும்பாலும் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை. கணினியில் இப்படிப்பட்ட சந்தா இல்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் அவ்வப்போது நல்ல தள்ளுபடி கிடைக்கும். அதேபோன்ற எபிக் கடை வாரந்தோறும் ஏதாவதொன்றை இலவசமாகத் தந்துவருகிறது. ஆனால் கணினிக் கடையில் சொல்லும் விலை பெரும்பாலும் பாகங்கள் அடங்கிய கேபினெட் பெட்டிக்கு மட்டுமே. மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், ஹெட்செட், யுபிஎஸ், விண்டோஸ் உரிமம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கன்சோலைப் பற்றி ஒரு சொல்: அந்த நிறுவனம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதிச் சரக்கு. வாரண்டி என்பது கடைக்காரர் வாய்ச்சொல்லோடு நின்றுவிடும்.

இணைய வேகத்தை மறந்துவிட்டு வாங்குவது மலைமேல் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிபி அளவைத் தொடுகின்றன. 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் அதைப் பதிவிறக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். ஏற்காட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் காப்பித் தோட்டப் பகுதிகளில், நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருந்தால், ஒரு விளையாட்டை இறக்க ஐம்பது நாள் ஆகும்; அதற்குள் புதிய அப்டேட்டும் வந்திருக்கும். அங்கே டிஸ்க் உள்ள கன்சோல் ஒன்றே நடைமுறைக்கு ஒத்துவரும். உள்ளிருக்கும் இடத்தையும் விசாரிக்க வேண்டும்: 512 ஜிபி என்று போட்டிருக்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் விளையாட்டுகளுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி; 825 ஜிபி என்று சொல்லப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் 5இல் சுமார் 667 ஜிபி.

செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான் ஏமாறுவதற்கு வழிகள் மிகுதி. நிறுவனங்கள் கழித்துக் கட்டிய பழைய அலுவலகக் கணினியில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, வண்ண விளக்குகள் மின்னும் கேபினெட்டில் அடைத்து, "ஐ5 கேமிங் பிசி" என்று விற்கிறார்கள். ஐ5 என்ற இன்டெல் பிராசசர் எத்தனையாவது தலைமுறை என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். வேலரண்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்காவிட்டால் திறக்கவே மறுக்கும். வேறு எப்படியாவது விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும், இந்தத் தடை அப்படியே நிற்கும். கன்சோலில் இதற்கு இணையான வலை, ஜெயில்பிரேக் செய்து, அதாவது நிறுவனம் போட்ட பூட்டை உடைத்து, ஐம்பது விளையாட்டுகளைப் போட்டுத் தருவதாகச் சொல்லும் பழைய பிளேஸ்டேஷன்கள். அவற்றை இணையத்தில் இணைத்தால் கருவியே தடைசெய்யப்படலாம். அப்டேட் செய்தால் போட்ட விளையாட்டுகள் நின்றுபோகலாம்.

புதிதாக அசெம்பிள் செய்யும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. பில்லில் "கேமிங் கணினி, 1" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளக் கூடாது. பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் நிறுவனப் பெயரும் மாடலும் வரிசை எண்ணும் அதில் இருக்க வேண்டும். இவற்றுள் கடைகள் அதிகம் சிக்கனம் பிடிப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் பழுதானால், அது தன்னோடு மற்றப் பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

இனி, கருவி எந்த வீட்டில் இருக்கப்போகிறது என்ற கேள்வி. கடைக்காரர்களும் விமர்சனக் காணொளிகளும் பேசாத இந்த விஷயம்தான் எங்கள் பகுதியில் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இயங்குவதற்கு சோனி குறிப்பிடும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சித்திரை, வைகாசியில் சேலத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மாடியில் வெயில் நேராக இறங்கும் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் கன்சோலை அடைத்து வைத்தால், அது தான் கக்கும் சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். அழகுக்காக அடைத்து வைப்பதைக் கைவிட்டு, பின்புறம் ஒரு சாண் இடைவெளியோடு திறந்த இடத்தில் வைக்க வேண்டும். கணினியைச் சுவரோடு ஒட்டித் தள்ளுவதும் இதே தவறுதான்.

அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளைப் பக்கத்திலும் வீட்டோடு விசைத்தறி ஓடும் குடும்பங்களுக்கு வெயிலைவிடப் பஞ்சுத் தூசிதான் எதிரி. சாதாரண வீட்டுத் தூசி உதிரியாகப் படியும். தறிப் பஞ்சோ விசிறியின் வாயில் இழை இழையாகப் பின்னிக்கொண்டு கம்பளித் துணிபோல் படர்ந்துவிடும். கணினியானால் முன்புற வலையைக் கழற்றித் தட்டலாம், பக்கக் கதவைத் திறந்து ஊதலாம். அதை மாதந்தோறும் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பிளேஸ்டேஷன் 5இன் வெளித் தகடுகளைத் திருகாணி இல்லாமலேயே கழற்றலாம். உள்ளே தூசி சேர்வதற்கென்று விட்ட துளைகளில் வேக்குவம் கிளீனரின் முனையை வைத்து உறிஞ்சிவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். தறிக்கூடத்துக்கும் கருவி இருக்கும் அறைக்கும் இடையில் கதவே இல்லாத வீடானால், கேமிங் கணினியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சூடு ஒரு பிரச்சினை இல்லை. ஈரமும் இடியும்தான் பிரச்சினை. மூடுபனி சன்னல் வழியாக அறைக்குள் வந்து போகும் மாதங்களில் கருவியைச் சன்னலோரம் வைக்கக் கூடாது. கோடை மழை இடியோடு வரும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையும் இணையக் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். சேலத்தில் அசெம்பிள் செய்த கணினியை மலைமேல் கொண்டுபோகிறவர்கள், கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் அது பொருந்தியிருக்கும் இடம் விரிசல் விடலாம்.

மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் காப்பாற்றிவிடும் என்று நம்புவதிலும் கவனம் வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் வாங்கிய பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு கேமிங் கணினியின் எஸ்எம்பிஎஸ் பல சமயங்களில் ஒத்துப்போகாது. சைன் வேவ் வகை தேவைப்படும். மானிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் கணினி நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். 200 வாட் இழுக்கும் கன்சோலுக்கு, தொலைக்காட்சி நீங்கலாக, அதில் பாதி. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் கன்சோலை ரெஸ்ட் மோடு என்ற அரைத்தூக்க நிலையில் விடாமல் முழுதாக அணைத்துவிடுவது பாதுகாப்பு.

வாங்கி வந்த அன்று மாலை நேரும் தவறு ஒன்றும் உண்டு. கணக்குத் தொடங்கும்போது பிள்ளையே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு பெரியவர் கணக்காகிவிடுவதால், நேர வரம்பு, வயதுக்கேற்ற தடை, செலவு வரம்பு எதையும் பெற்றோர் அதன்மேல் விதிக்க முடியாது. ஜிடிஏ 5க்கு ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயது என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. பெரியவர் கணக்கில் அது தடையின்றித் திறக்கும். முதலில் பெற்றோர் தம் பெயரில் கணக்குத் தொடங்கி, அதன் கீழ் பிள்ளையின் கணக்கைச் சேர்க்க வேண்டும். கட்டண அட்டையை அதில் சேமித்து வைக்க வேண்டாம். ஃபோர்ட்நைட்டில் தெரியாமல் பொத்தானை அழுத்திப் பணம் போகும்படி வடிவமைத்த குற்றச்சாட்டில், எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளையை நம்பி யுபிஐ பின்னைச் சொல்லிவைப்பது சரியல்ல. கணினியிலும் விண்டோஸுக்கும் ஸ்டீமுக்கும் இத்தகைய கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தனித்தனியாக அமைக்க வேண்டும், கொஞ்சம் விவரமான பிள்ளை அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வழிகளும் அதிகம்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள், கருவி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. காலாண்டு விடுமுறைக்கு வரும் பிள்ளை இயக்கியதும் விளையாட்டுக்கு முன்னால் அப்டேட்டுகள் வரிசைகட்டி நிற்கும். பத்து நாள் விடுமுறையில் முதல் நாள் அதிலேயே போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு விலை உயர்ந்த கேமிங் கணினி வேண்டியதில்லை. கன்சோல் வாங்கினாலும், பிள்ளை வருவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டில் யாராவது அதை இயக்கி அப்டேட்டை முடித்து வைத்துவிட வேண்டும்.