ஒரு ஜல்லிக் கல்லைப் படிப்பது எப்படி? பாறையியலுக்கு முதல் பாடம்

மதுரையில் எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள், வாசலில் ஜல்லி கொட்டிக் கிடக்கும். கேட்டுவிட்டு அதில் நாலைந்து பெரிய கல்லாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒன்றரை இன்ச் ஜல்லியாக இருந்தால் நல்லது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சில வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் வைப்பேன்: கல்லின் பெயரை முதல் நாள் யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. பெயர் தெரிந்த நிமிடமே கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. "கிரானைட்" என்று நோட்டில் எழுதியவன் அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதியதில்லை.

தேவையானவை: லென்ஸ், இரும்பு ஆணி, காந்தம், வினிகர், நூல், சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு. லென்ஸ் இல்லையென்றால் மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

படி 1: கழுவி, வெயிலில் திருப்பிப் பாருங்கள்

ஜல்லித் தூசு போகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் வெயிலில் பிடித்து, மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருங்கள். ஒரு கோணத்தில் சின்னக் கண்ணாடிச் சில்லு போலச் சில இடங்கள் 'பளிச்' என்று மின்னி அணையும். அவை தட்டையாக உடையும் கனிமம், அதாவது ஃபெல்ட்ஸ்பார். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படி மின்னாமல், எண்ணெய் தடவிய கற்கண்டு போல இருப்பது குவார்ட்ஸ். நம் ஊரில் வெங்கச்சாங்கல் என்கிறோமே, அதேதான். நகத்தால் நோண்டினால் கறுப்பாக ஏடு ஏடாகப் பிரிந்தால் அது காக்காப்பொன். அதிர்ஷ்டம் இருந்தால் மாதுளை முத்து நிறத்தில் கார்னெட்டும் கிடைக்கும்.

இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து நோட்டில் ஒரு வட்டம் வரையுங்கள். கல்லில் பார்த்ததை அதற்குள் பெரிதாக்கி வரையுங்கள். கறுப்பு மணிகள் வரிசையாக நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா? இந்தக் கேள்விதான் பின்னால் பெயரைத் தீர்மானிக்கப்போகிறது.

படி 2: ஆணியால் கீறுங்கள்

மோஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1812இல் பத்துக் கனிமங்களை வைத்துக் கடினத்தன்மைக்கு அளவுகோல் ஒன்று வகுத்தார். எண் கூடக் கூடக் கடினமும் கூடும். அதில் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண இரும்பு ஆணி நாலு, ஐந்துக்குள் அடங்கும். ஆக, ஆணி இந்தக் கல்லைக் கீறாது.

ஆனால் கீறிப் பார்த்த பிள்ளைகள் "கோடு விழுந்துருச்சு சார்" என்பார்கள். விரலை ஈரமாக்கி அந்தக் கோட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். அழிந்துவிட்டால், கல் கீறப்படவில்லை. ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டியிருக்கிறது. தேய்ந்தது கல்லா, ஆணியா என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

படி 3: தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடுங்கள்

முதலில் காய்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படவே கூடாது. தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர்தான் கல்லின் பருமன்.

கல் 96 கிராம், தொங்கவிட்டபோது தராசு காட்டியது 36 என்றால், கல்லின் அடர்த்தி 96 ÷ 36 = 2.67. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. நம் பக்கத்து வெளிர் நிறக் கற்கள் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். கறுப்பு மணிகள் கூடக் கூட எண் ஏறும். விடை 1.0 வந்தால் கல் அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், மறுபடி செய்யுங்கள்.

படி 4: வினிகரும் காந்தமும்

ஜல்லியில் வினிகர் விட்டால் எதுவும் நடக்காது. வயலில் கிடக்கும் சுக்கான்கல்லில் விட்டால் நுரைக்கும், அதில் சுண்ணாம்பு இருப்பதால். ஒப்பிட்டுப் பார்க்க முட்டை ஓட்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஆற்று மணலில் துழாவினால் கறுப்புப் பொடி ஒட்டும். அதில் பெரும்பகுதி மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம்.

இனி பெயர் வைக்கலாம்

மணிகள் சிதறிக் கிடந்தால் கிரானைட். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஓடினால் நைஸ் (gneiss) என்ற பாறை. பச்சை கலந்த மங்கல் நிறமும் எண்ணெய்ப் பளபளப்பும் இருந்தால் சார்னோகைட்டாக இருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறையின் கல்லை வைத்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். சென்னைப் பல்லாவரத்திலும் இதே கல்தான்.

சின்னக் கல்லில் பட்டை சரியாகத் தெரியவில்லையா? ஒத்தக்கடைக்கு பஸ் ஏறி யானைமலைக்குப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மடிந்து நெளிவது தெரியும். பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேலான சூட்டில் பாறை வளைந்துகொடுத்த தடம் அது. இந்தப் பகுதிப் பாறைகள் இப்படிக் கடைசியாக வெந்து சுமார் 55 கோடி வருடம் ஆகிறது. மேலே இருந்த பாரமெல்லாம் அரித்துப் போனதும் பாறை விரிந்து, வெங்காயத் தோல் போல ஏடு ஏடாகக் கழன்றிருக்கிறது.

சுத்தியல் கொண்டுபோகவே கூடாது. அங்கே சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. சுமார் இரண்டாயிரம் வருடம் பழைய அந்த எழுத்தில் மலையின் பெயர் 'இவகுன்றம்'. இவம் என்றால் யானை. அன்றைக்கும் பார்த்தவர்களுக்கு யானையாகவே தெரிந்திருக்கிறது! பாறை எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் வகுப்பில் காட்டியதில்லை.

சொந்தமாக ஒரு கேள்வி

அடுத்தது ஆராய்ச்சி. வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகையின் மணல், வழியில் எப்படி மாறுகிறது? சோழவந்தான், மதுரை, திருப்புவனம், மானாமதுரை என நாலு இடத்தில் ஒரு கைப்பிடி மட்டும் எடுங்கள். காயவைத்து, ஒவ்வொன்றிலும் 50 கிராமை டீ வடிகட்டியில் சலித்து, தங்கியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, காந்தத்தில் ஒட்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். முடிவு இப்படித்தான் வரும் என்று முன்கூட்டியே எண்ணாதீர்கள். சிற்றாறுகள் வழியில் புது மணல் கொண்டுவந்து சேர்க்கும். எடுத்த இடம், தேதி, நீரோட்டத்தின் நடுவா கரையா என்பதைக் கவரின் மேலேயே, அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டு, இரண்டு கவர் கலந்துபோய் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வீணானது.