கரோக்கி வட்டு கணினியில் ஓட மறுத்தால்

கரோக்கி வட்டைக் கணினியில் போட்டால் இசை மட்டும் வருகிறது, பாடல் வரிகளைக் காணோம் என்றால் உடனே வட்டின் மேல் பழி போடாதீர்கள். கரோக்கிக்கென்று இசையோடு வரிகளையும் பதித்து வரும் சிடி+ஜி வட்டுகளில் வரிகள் தனிக் கோப்பாக இருப்பதில்லை. ஒலியோடு சேர்ந்து ஓடும் துணைக்குறியீடு (சப்கோடு) என்ற கூடுதல் தரவில், ஆர் முதல் டபிள்யூ வரையிலான ஆறு சேனல்களில் பதிந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும் திறன் எல்லா டிரைவுக்கும் கிடையாது. வேகமான டிரைவ் என்பதும் இதற்கு உத்தரவாதமில்லை. சிடி+ஜியைக் காட்டத் தெரிந்த மென்பொருளும் வேண்டும்.

வட்டை நகலெடுக்க விடாமல் செய்யும் நகல் தடுப்பும் காரணமாக இருக்கலாம். அதே டிரைவில் அந்தத் தடுப்பு இல்லாத வேறொரு சிடி+ஜி வட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் வரிகள் தெரிந்தால் டிரைவ் மேல் குற்றமில்லை, தடுப்பின் மேல் சந்தேகப்படலாம். சில தடுப்பு முறைகள், வட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கத்தையே வேண்டுமென்று குழப்பி வைக்கும். சாதாரண சிடி பிளேயர் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பாடத் தொடங்கிவிடும். கணினி டிரைவோ கடைசிப் பகுதி வரை தேடிப்போய்த் திணறும். காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் இந்தத் தண்டனை!

அறிமுகமில்லாத வட்டு தானாக எதையாவது நிறுவ முயன்றால் அனுமதிக்காதீர்கள். 2005இல் சோனி பிஎம்ஜியின் சில இசை வட்டுகள் கணினிக்குள் மறைவாக மென்பொருளை நுழைத்தது அம்பலமானது. விண்டோஸின் தானியங்கித் தொடக்கத்தை அணைத்து வைப்பது நல்லது.

வாங்கும் முன் உறையில் ‘காம்பாக்ட் டிஸ்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிடிக்கான தரத்தை மீறிய தடுப்பு வட்டுகள் பலவற்றில் அது இருக்காது.