மார்கழிப் பனியில் படகுக்குள் ஒரு ராத்திரி

"பாண்டிச்சேரியில் ஏதுங்க குளிர்?" என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். அரியாங்குப்பம் ஆற்றில் கட்டியிருந்த பதினெட்டடிப் பாய்மரப் படகுக்குள் ஒரு தை மாத இரவு பஞ்சு மெத்தையை விரித்துப் படுத்தேன். மூன்று மணி இருக்கும், முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையோ என்று தலையை நீட்டிப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். சொட்டியது என் மூச்சுதான்.

நம் கரையோரத்தில் மார்கழி, தை மாதங்களில் விடிகாலை 20, 21 டிகிரி வரை இறங்கும். கடல்நீரோ 26 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்தேசங்களில் படகின் அடிப்பக்கம் சில்லிடும்; நமக்கு நேர்மாறு, குளிர்வது மேல்தளம். தெளிந்த வானத்துக்குத் தன் சூட்டை விட்டுவிட்டு அது காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. வெளியே அதன்மேல் பனி இறங்குகிறது, உள்ளே நம் மூச்சின் ஈரம் ஒட்டுகிறது. ஈரத்தைச் சமாளித்தால் போதும், குளிர் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் நாளும் இடமும். மழைக்காலம் ஓய்ந்த பிறகு போங்கள். மார்கழி பாதியாகிவிட்டதே என்று வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. படகை ஆற்றுக்குள்ளேயே, மீன்பிடிப் படகுகள் போகும் வழியை விட்டு ஒதுக்கிக் கட்டுங்கள். கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறி இறங்கக் கயிற்றில் தளர்வு இருக்கட்டும். பக்கத்துப் படகுக்காரரிடம் "அண்ணே, ராத்திரி இங்கதான் படுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

அடுத்து தார்ப்பாய். பாய்மரத்திலிருந்து கிடையாக நீளும், பாயைச் சுருட்டிக் கட்டிய பூம் கட்டையின் மேல் அதைக் கூரைபோலப் போட்டு இருபுறமும் இழுத்துக் கட்டுங்கள். தளத்தில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி வேண்டும். பனியைத் தார்ப்பாய் வாங்கிக்கொள்ளும், தளமும் அவ்வளவாகச் சில்லிடாது. அப்புறம், எவ்வளவு குளிர்ந்தாலும் கதவை அடைக்காதீர்கள். முன்பக்கம், அதாவது அணியத்தில், நாலு விரல், பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கட்டும். சதுப்புக்காட்டுக் கொசு வரும், வலை கட்டுங்கள். கொசுவர்த்தி அந்தச் சின்ன அறைக்கு ஆகாது.

படுக்கைக்குப் பஞ்சு மெத்தை வேண்டாம், ஈரத்தைக் குடித்துவிட்டு நாளெல்லாம் காயாது. கோரைப்பாய், அதன்மேல் யோகா விரிப்பு, மேலே கம்பளி. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூடு தரும். படுக்கப்போகும் முன் கைகால் முகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துணியை முழுசாக மாற்றிவிடுங்கள். உப்பேறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குல்லாவும் காலுறையும் போட்டுக்கொள்ளலாம், யாரும் பார்க்கப்போவதில்லை.

உள்ளே அடுப்போ கரியோ மூட்டவே கூடாது. கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும். கரையிலேயே வெந்நீர் போட்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். ஒரு பங்கு சுக்குக் காபிக்கு, இன்னொரு பங்கு ரப்பர் பையில் ஊற்றித் துண்டு சுற்றிக் காலடியில் வைக்க. பாண்டிச் சரக்கு சூடு தரும் என்பார்கள். தோலுக்கு ரத்தம் பாய்வதால் அப்படித் தோன்றும், உடம்புச் சூடு வெளியேறத்தான் செய்யும். போதையில் நடுராத்திரி சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மூடியுள்ள டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் தார்ப்பாயை ஆற்றுப்பக்கமாகச் சாய்த்து அவிழுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த பனி கழுத்து வழியாக உள்ளே இறங்கும். பிறகு விரிப்பையெல்லாம் தூக்கிக் கயிற்றில் போட்டுவிட்டு டீக்கடைக்கு நடங்கள்.