ஆலோசனைக் குழுவைச் சீரமைக்க வேண்டுமா? ஆளை அப்புறம் மாற்றலாம்

தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் ஆலோசனைக் குழு பேருக்குத்தான் இருக்கிறது என்று யாராவது கிளப்பினால், பேச்சு நேராக ஆள் மாற்றத்துக்குப் போய்விடும். இளையவர்களைச் சேர்க்கலாம், பெண்கள் எண்ணிக்கையைக் கூட்டலாம், பல வருஷமாக நாற்காலியை விடாதவருக்கு மாலை போட்டு அனுப்பிவிடலாம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதல் வேலையாக அதைச் செய்தால் புதிதாக வருபவர்களும் சீக்கிரமே சலித்துப்போவார்கள், ஏனென்றால் குழு சொன்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லாததால்தான் இந்தக் குழுக்களில் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன.

சந்தேகமாக இருந்தால் கடந்த மூன்று வருஷத்துக் கூட்டக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். குழு கொடுத்த பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்றார்கள், மறுத்தார்கள், பதிலே இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "உறுப்பினர் கட்டண உயர்வு குறித்துக் குழு கவலை தெரிவித்தது, தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்" என்று ஒரு வரி இருக்கும், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது, அதற்குள் கட்டணமும் ஏறியிருக்கும். இந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தம் எதற்கு என்று செயற்குழுவில் கேட்கும்போது இதைவிட நல்ல விடை கிடையாது. யாரையும் குறை சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும்.

அடுத்தது, பதில் விதி. குழுவின் அதிகார வரம்பைச் சொல்லும் ஆவணத்தில் இப்படி ஒரு பத்தி போதும்: "ஆலோசனைக் குழு எழுத்தில் தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் செயற்குழு 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரும். ஏற்றால், யார் எப்போது செய்வார் என்று குறிப்பிடும். மறுத்தால், காரணம் சொல்லும். பரிந்துரையும் பதிலும் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவிக்கப்படும்." கவனியுங்கள், ஏற்றே ஆகவேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் செயற்குழுவிடமேதான் இருக்கிறது, அதனால் அவர்கள் இதை எதிர்ப்பதும் கஷ்டம். அயர்லாந்தில் 2012-ல், சாசனத்தில் என்ன மாற்றலாம் என்று பரிந்துரைக்க அரசியல் சாசன மாநாடு என்ற குழுவை அமைத்தபோது, அதன் ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் பதில் தருவதாக அரசு முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. ஒரு நாட்டின் அரசே கெடுவுக்குச் சம்மதிக்கும்போது சங்கத்தின் செயற்குழு சம்மதிக்கக் கூடாதா என்ன? காலக்கெடு இல்லாமல் "விரைவில்", "உரிய நேரத்தில்" என்று வரைவில் நுழைக்கப் பார்ப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, பதில் வரும். ஆனால் கேள்வியே காலம் கடந்து வந்தால்? முடிவெடுத்து முடித்த விஷயத்தைத் "தகவலுக்காக" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டு ஆலோசனை கேட்டதாகக் கணக்குக் காட்டுவது ரொம்பச் சாதாரணம். அதனால் எந்தெந்த விஷயங்கள் முடிவுக்கு முன்பே குழுவிடம் வந்தாக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: கட்டணம், வரவுசெலவுத் திட்டம், நடத்தை விதிகள், சான்றிதழ் தகுதி, சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதிகளில் திருத்தம். ஆவணங்கள் பத்து நாட்களுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். நிகழ்ச்சி நிரலைக் குழுவின் தலைவர் போட வேண்டும், அந்தத் தலைவரைக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத் தலைவர் இங்கேயும் தலைமை தாங்கினால் அவர் தனக்குத் தானே ஆலோசனை சொல்லிக்கொள்வதாகத்தான் முடியும். அவரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லட்டும், போகட்டும்.

இப்போது ஆட்களுக்கு வரலாம். நியமனம் செய்தால் செயற்குழுவின் நண்பர்கள் வருவார்கள். தேர்தல் வைத்தால் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முகங்கள் வரும். பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்குக் கூட வேலை செய்பவர்களின் ஓட்டே போதும், தனியாகத் தொழில் செய்பவர் எங்கே போவார்? நான் சிபாரிசு செய்வது குலுக்கல். விருப்பம் தெரிவித்தவர்களை அனுபவம், வேலை செய்யும் இடம், தொழில் வகை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சீட்டு எடுப்பது. முழுக்கக் குலுக்கலா என்று சிலர் பதறினால் பாதி இடங்களுக்குத் தேர்தலை விட்டுவிடுங்கள், அதுவே நிறைய மாற்றும்.

பதினைந்து பேர், மூன்று வருஷப் பதவிக்காலம், வருஷம் ஐந்து பேர் மாறுவது என்று வைத்தால் பழைய நினைவும் அறுபடாது, புது ரத்தமும் வரும். ஆரம்பத்தில் யாருக்கு ஒரு வருஷம், யாருக்கு மூன்று என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்யுங்கள். இரண்டு முறைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. செயற்குழுவில் இருப்பவர் இங்கே இருக்கக் கூடாது. சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் இடம் காலி. குறைந்தது பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் லீவு எடுக்க முடிந்தவர்கள் மட்டுமே வருவார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய உறுப்பினர்களிடம் வரைவு வெளியாகும் முன்பே தனித்தனியாகப் பேசிவிடுங்கள். அவர்களிலும் பலர் பதில் வராமல் வெறுத்துப்போனவர்கள்தான், பதில் விதியைக் காட்டினால் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். நடப்புப் பதவிக்காலத்தை முடிக்க விடுவதும் நல்லது, பாதியில் எழுப்பினால் சண்டை மாற்றத்தைப் பற்றியதாக இருக்காது, அவமானத்தைப் பற்றியதாகிவிடும்.

கடைசியாக, எப்படி நிறைவேற்றுவது. ஆலோசனைக் குழு எதன்படி உருவானது என்று முதலில் தேடிப் பாருங்கள். செயற்குழுத் தீர்மானத்தின்படி என்றால் இன்னொரு தீர்மானமே போதும். துணைவிதியிலேயே இருந்தால் பொதுக்குழு, முன்னறிவிப்பு, சிறப்புப் பெரும்பான்மை என்று நீளும், பல இடங்களில் திருத்தத்தைப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்யவும் வேண்டியிருக்கும். அப்படி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாகக் கட்டாதீர்கள். பதில் விதியைத் தனித் தீர்மானமாக முதலில் வையுங்கள், குலுக்கலைப் பற்றிய சண்டையில் அதுவும் சேர்ந்து தோற்றுவிடக் கூடாது. செயற்குழு இழுத்தடித்தால், குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்குழு கேட்கும் விதி துணைவிதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கையெழுத்து வாங்குங்கள், ஏனென்றால் சரிபார்க்கும்போது சந்தா பாக்கி வைத்தவர்களின் கையெழுத்தை எப்படியும் தள்ளிவிடுவார்கள்.