தராசு இல்லாமல் மீனின் நிறை

வள்ளத்தில் தராசு இல்லையா? ஒரு நூல் போதும். பாரையோ அறக்குளாவோ, உடம்பின் தடித்த இடத்தை நூலால் ஒருமுறை சுற்றி அளவுநாடாவில் வைத்துச் சென்ரிமீற்றரில் பாருங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் (வாயிலிருந்து வாற்பிளவு வரை) பெருக்கி, 29,000 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 36, நீளம் 70 என்றால் ஏறக்குறைய 3 கிலோ 100 கிராம்.

மீன் தசையின் அடர்த்தி தண்ணீரோடு ஒட்டியதுதான். ஆகவே கனவளவு தெரிந்தால் நிறை தெரிந்த மாதிரி. மீன் நேரான உருளையாக இருந்திருந்தால் 12,570 ஆல் வகுக்க வேண்டும். தலையும் வாலும் ஒடுங்குவதால் மீனின் நிறை அந்த உருளையின் நிறையில் பாதியும் தேறாது. சுற்றளவை இறுக்காமல் எடுங்கள், அது இரண்டு தரம் பெருக்கப்படுவதால் அங்கே விடும் பிழையும் இரட்டிக்கும்.

சீலா மாதிரி ஒல்லி மீனுக்கு 32,500 ஆல் வகுப்பது நல்லது. திருக்கை, விலாங்கு, குடல் எடுத்த மீன் எதற்கும் இது சரிவராது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் விலை பேச இந்தக் கணக்கோடு போகாதீர்கள், அங்கே தராசுதான் பேசும்.